பேரு இருக்கட்டும், அது என்ன வேலை பண்ணுது?

2019 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ராத்திரி, திருவான்மியூரிலிருந்து ஈஞ்சம்பாக்கம் வரைக்கும் அலை நீலமாக மின்னியது ஞாபகம் இருக்கா? ஊரே பைக்கை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆர். பக்கம் ஓடியது. நான் தாமதமாகப் போய், இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கோஷ்டி. நாக்டிலூக்கா என்கிற ஒற்றைச் செல் உயிரிதான் காரணம் என்று அடுத்தடுத்த நாள்களில் பேப்பரில் வந்தது.

கொஞ்ச நாள் கழித்து சதுரங்கப்பட்டினம் போயிருந்தேன், டச்சுக் கோட்டையைப் பார்க்க. (அப்போது செங்கல்பட்டு மாவட்டமே பிறக்கவில்லை. அந்த வருஷம் நவம்பர் 29-இல்தான் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்தது.) கோட்டையைப் பார்த்து முடித்துக் கரைப்பக்கம் இறங்கினால், ஒரு பெரியவர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு கொடுத்தேன்.

"ஐயா, இந்தப் பக்கம் கடல் மின்னுச்சா?"

"எப்பனா மின்னும் தம்பி. எங்க அப்பா காலத்துலயே மின்னும்."

எனக்குப் படித்ததைக் காட்டியாக வேண்டும். "அது பேரு நாக்டிலூக்கா" என்றேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: "பேரு இன்னாவோ இருந்துட்டுப் போவுது. அது கடல்ல இன்னா வேலை பண்ணுது? அத்தச் சொல்லு."

அசடு வழிந்தேன். டயாட்டம்களைத் தின்னும் என்று மட்டும் தெரியும். அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்து, பழைய அறிக்கைகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் புரட்ட ஆரம்பித்தேன். நான் விஞ்ஞானி இல்லை, இப்படிப் புரட்டுகிற ஆள், அவ்வளவுதான். புரட்டப் புரட்ட ஒரு விஷயம் பிடிபட்டது. கடலில் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பற்றிய ஆராய்ச்சி ரொம்ப காலம் "யார் இருக்காங்க" என்பதிலேயே நின்றது. "என்ன பண்றாங்க" என்று அந்தப் பெரியவர் மாதிரி நேராகக் கேட்க வழி கிடைத்தது, அநேகமாக என் ஆயுசுக்குள்தான்.

நம்ம கடலில் பெயர்ப் பட்டியல் வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. 1931-இல் கே.எஸ். மேனன் சென்னைக் கடலின் மிதவை உயிரிகளைப் பற்றி முதல் விரிவான குறிப்பு எழுதினார், இந்திய அருங்காட்சியகத்தின் பதிவேட்டில். 1946-இல் ஆர். சுப்ரமணியன் சென்னைக் கடற்கரையின் டயாட்டம்களை வகைப்படுத்தி, நூறு பக்கத்துக்கு மேல் போகிற ஒரு கட்டுரை வெளியிட்டார். டயாட்டம் என்றால் கண்ணாடி ஓடு போட்ட நுண்பாசி. இன்றைக்கும் வங்கக் கடலோரம் மிதவை உயிரி எண்ணுகிறவர்கள் அந்தக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். அதிலிருக்கும் படங்களைப் பார்த்தால், மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணும் தாளில் ஒரு கண்ணுமாக உட்கார்ந்த ஒரு மனுஷனின் பொறுமை தெரியும்.

அடுத்த பெரிய பட்டியல் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தில். இங்கே காரணமே வேற. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-இல் இயங்க ஆரம்பித்தது. உலையைக் குளிர்விக்கக் கடல் தண்ணி வேண்டும், விநாடிக்கு சுமார் 35 கன மீட்டர், அதாவது 35,000 லிட்டர். அதைக் கொண்டுவரக் கடலுக்கு அடியில் 468 மீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் போட்டார்கள். கடல் சும்மா இருக்குமா? சுரங்கச் சுவரில் ஆளியும் சிப்பியும் டன் கணக்கில் ஒட்டிக்கொண்டன. ஒட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. சுத்தமான சுவரில் முதலில் வந்து உட்காருவது பாக்டீரியா. அது வழுவழுப்பாக ஒரு படலம் போடும், அந்தப் படலத்தின் மேல்தான் மற்றவர்கள் குடியேறுவார்கள். அதனால் ஒரு அணுமின் நிலையத்துக்கு நுண்ணுயிரியல் தேவைப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நீர், நீராவி வேதியியல் பிரிவு கல்பாக்கத்திலேயே பல வருஷமாக இந்தப் படலத்தை ஆராய்ந்துவருகிறது. கடல் பாக்டீரியாவை நாம் மதித்துப் பார்க்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் குழாய் அடைப்பு என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தகவல்.

அதே கல்பாக்கத்தில், வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனையின்போது 2007 மார்ச் மாதம் கடல் நிறம் மாறியிருப்பதைப் பார்த்தார்கள். டிரைக்கோடெஸ்மியம் எரித்ரேயம் பூத்திருந்தது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் கே.கே. சத்பதி, ஏ.கே. மொஹந்தி குழு அதைப் பதிவு செய்தது. எத்தனை செல், தண்ணியில் அம்மோனியா எவ்வளவு, மற்ற மிதவை உயிரிகள் என்ன ஆயின என்று எல்லாம். பார்க்க மரத்தூள் தூவின மாதிரி இருக்கும். பாசி என்றே பலரும் சொல்வார்கள், ஆனால் அது பாக்டீரியா. காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் கார்பனையும் உடம்பில் பிடித்துக்கொள்கிற பாக்டீரியா.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒரு பழைய கதை.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த கடல் உணவுச் சங்கிலி: சூரியன், பாசி, அதைத் தின்னும் சின்னப் பூச்சி, அதைத் தின்னும் மீன். பாக்டீரியா இதில் எங்கே? செத்ததை மக்க வைக்கிற தோட்டி மாதிரி ஓரத்தில். அப்படி ஒதுக்கக் காரணம், எண்ணின முறை. தண்ணியை எடுத்து ஜெல்லித் தட்டில் ஊற்றி, முளைக்கிற புள்ளிகளை எண்ணினார்கள். ஒரு மில்லி கடல் தண்ணிக்கு நூறோ ஆயிரமோ முளைத்தது. 1977-இல் ஜான் ஹாபியும் கூட்டாளிகளும் தண்ணியை ரொம்பச் சின்னத் துளையுள்ள வடிகட்டியில் இறக்கி, ஒளிரும் சாயம் போட்டு நேராக எண்ணிக் காட்டினார்கள். ஒரு மில்லியில் பல லட்சம், கரையோரத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். தட்டில் முளைத்தது, இருந்ததில் ஒரு துளிதான். மிச்சமெல்லாம் நாம் போட்ட சாப்பாட்டைச் சீண்டவே இல்லை.

இதற்கு மூணு வருஷம் முன்னாடியே, 1974-இல், லாரன்ஸ் பாமராய் என்ற அமெரிக்கர் ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருந்தார். கடலில் கார்பன் போகிற முக்கியமான பாதையையே நாம் படத்தில் விட்டுவிட்டோம், பெரும்பங்கு வேலையை நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன என்று. 1983-இல், லாகூரில் பிறந்த ஃபாரூக் ஆஸமும் அவரோடு சேர்ந்தவர்களும் அதற்கு ஒரு முழு வடிவம் கொடுத்தார்கள். டயாட்டம் ஒளிச்சேர்க்கை செய்யும்போது பிடித்த கார்பனில் கணிசமான பங்கு தண்ணியிலேயே கசிந்து கரைகிறது. அதை மீன் குடிக்க முடியாது. பாக்டீரியாதான் குடிக்கும். பாக்டீரியாவைச் சின்ன ஒற்றைச் செல் உயிரிகள் தின்னும், அவற்றை இன்னும் கொஞ்சம் பெரியவை. கசிந்துபோன கார்பனில் ஒரு பங்கு இப்படிச் சுற்றி மறுபடி சங்கிலிக்கு வருகிறது, பெரும்பங்கு மூச்சாக விட்டு கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுகிறது.

எவ்வளவு கார்பன்? கடலில் கரைந்து கிடக்கும் கரிமப் பொருளில் சுமார் 66,000 கோடி டன் கார்பன் இருக்கிறது. காற்று மண்டலத்தில் கார்பன் டை ஆக்சைடாக இருக்கும் மொத்தக் கார்பனோடு பக்கத்தில் வைத்துப் பேசக்கூடிய அளவு. இதில் பெரும்பகுதி ஆயிரக்கணக்கான வருஷமாக யாரும் தொடாமல் கிடக்கிற பழைய சரக்கு. ஒரு சின்னப் பங்குதான் புதுசு. டயாட்டத்திலிருந்து கசிந்த சில மணி நேரத்திலேயே பாக்டீரியா விழுங்கிவிடும். ஆனால் அந்தச் சின்னப் பங்கின் வழியாகத்தான் வருஷத்துக்கு ஆயிரத்து சொச்சம் கோடி டன் கார்பன் ஓடுகிறது.

சரி, அந்தப் புதுச் சரக்கில் என்னென்ன இருக்கு? சர்க்கரையா, அமினோ அமிலமா, வேற ஏதாவதா? வேதியியல்காரர்களைக் கேட்டால் தலையில் கை வைப்பார்கள். ஒரு லிட்டர் கடல் தண்ணியில் உப்பு 35 கிராம், கரைந்த கரிமக் கார்பன் ஒரு மில்லிகிராம் அளவு. அதிலும் அவர்களால் சுலபமாகப் பிடிக்க முடிவது, யாரும் சாப்பிடாமல் தேங்கி நிற்பதை மட்டும்தான். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஹோட்டலில் சாயங்காலம் நாலரைக்கு மெதுவடை வரும், நாலே முக்காலுக்கு இருக்காது. ஆறு மணிக்குப் போய்க் கண்ணாடி அலமாரியைப் பார்க்கிறவர் என்ன எழுதுவார்? "இந்த ஹோட்டலில் முக்கியமான பண்டம் பழைய பன்." மெதுவடை அவர் கணக்கிலேயே வராது. கடல் வேதியியலும் ரொம்ப காலம் ஆறு மணிக்குப் போய் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அளக்க வேறு வழிகள் இல்லாமல் இல்லை. 1950–52-இல் உலகைச் சுற்றிய கலாத்தியா என்கிற டென்மார்க் கப்பலில், ஸ்டீமன் நீல்சன் கதிரியக்கக் கார்பனைத் தண்ணியில் கலந்து, பாசி எவ்வளவு பிடிக்கிறது என்று அளந்தார். 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்திலும் அந்த முறைதான். பாக்டீரியா எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதற்கும் பின்னால் இதே மாதிரி முறை வந்தது. எல்லாவற்றிலும் ஒரு சிக்கல்: தண்ணியை பாட்டிலில் அடைக்க வேண்டும்.

பாட்டில் விஷயத்தில் எனக்கே ஒரு அனுபவம். ஆர்வக் கோளாறில் சதுரங்கப்பட்டினத்துக் கடல் தண்ணியை ஒரு தண்ணி பாட்டிலில் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாக பஸ்ஸில் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து, நுண்ணுயிரியல் படிக்கிற ஒரு நண்பனிடம் பெருமையாக நீட்டினேன். "எப்ப எடுத்த?" என்றான். காலையில் என்றேன். "அப்ப இது கடல் இல்லடா, பாட்டில்" என்று சொல்லிவிட்டுச் செடிக்கு ஊற்றச் சொன்னான். செடிக்கும் ஊற்ற முடியாது, உப்பு. அவன் சொன்னது நிஜம். அடைத்த சில மணி நேரத்திலேயே உள்ளே யார் அதிகம், யார் கம்மி என்பதே மாற ஆரம்பித்துவிடும். அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்பது அதைவிட வேகமாக மாறும்.

அந்த வேகத்தைத் துரத்திப் பிடித்த கதைதான் மரபணு வெளிப்பாட்டின் கதை.

மறுபடி அதே ஹோட்டலுக்கு வாங்க. சுவரில் ஒரு போர்டு. நெய் ரோஸ்ட், பூரி, பரோட்டா எல்லாம் எழுதியிருக்கும். இதுதான் டி.என்.ஏ. இந்தக் கடையால் எதெல்லாம் முடியும் என்ற பட்டியல். ஆனால் இந்த நிமிஷம் அடுப்பில் என்ன போகிறது என்று தெரிய வேண்டும் என்றால், சர்வர் உள்ளே மாஸ்டருக்கு அனுப்புகிற சீட்டைப் பார்க்க வேண்டும். செல்லுக்குள் அந்தச் சீட்டுக்குப் பேர் தூது ஆர்.என்.ஏ. ஒரு மரபணு வேலைக்கு வந்தால் அதன் பிரதி சீட்டாகப் போகும், மாஸ்டர் அதைப் பார்த்துப் புரதம் செய்வார், சீட்டு கிழிபடும். பாக்டீரியாவில் ஒரு சீட்டின் ஆயுசு சில நிமிஷம்தான். கரையோரக் கடல் பாக்டீரியா ஒன்றில் ஒரு நேரத்தில் சராசரியாக 200 சீட்டுதான் இருக்கும் என்று மேரி ஆன் மோரனின் குழு கணக்குப் போட்டிருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் கொழுகொழுவென்று வளரும் ஈகோலியில் அது ஆயிரத்துக்கும் மேல். கடலில் இருப்பவர்கள் சிக்கனக்காரர்கள்.

கடல் தண்ணியிலிருந்து நேராக இந்தச் சீட்டைப் பிடித்த ஆரம்பகால வேலைகளில் ஒன்று 1991-இல் வந்தது. ஃபுளோரிடாவில் ஸ்காட் பிச்சார்டும் ஜான் பாலும் தேடியது ஒரே ஒரு சீட்டை: காற்றுக் கார்பனைப் பிடிக்கிற நொதிக்கான மரபணுவின் சீட்டு. அதாவது, கடலில் மரபணு வெளிப்பாட்டை நேராகப் பார்க்கும் முயற்சி ஆரம்பத்திலேயே கார்பனைத்தான் தேடிப் போனது. 1998-இல் ஜோனதன் ஸெர் குழு டிரைக்கோடெஸ்மியத்தில் நைட்ரஜன் பிடிக்கும் மரபணு மணிக்கணக்குப்படி விழித்துத் தூங்குவதைக் காட்டியது. வெளிச்சத்தை எப்போதும் ஒரே மாதிரி வைத்தாலும் அந்தத் தாளம் நிற்கவில்லை. கல்பாக்கத்தில் மரத்தூள் மாதிரி மிதந்த அதே சாதிதான்.

ஆனால் இதெல்லாம் ஒரு சீட்டைத் தேடுவது. என்ன சீட்டு வரும் என்று முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாத சீட்டையும் சேர்த்து மொத்தமாக அள்ளினால் என்ன என்று யோசித்தது மோரனின் ஜார்ஜியா பல்கலைக்கழகக் குழு. 2005-இல் ராஹேல் போரெட்ஸ்கி முதலானோர் எழுதிய கட்டுரையில் தண்ணி எடுத்த இடங்களில் ஒன்று, ஸபேலோ தீவின் உப்பங்கழி. படத்தில் பார்த்தால் நம்ம முட்டுக்காடு, எடையூர் கழி மாதிரிதான் இருக்கும். சேறு, புல், ஏறி இறங்கும் தண்ணி. செய்முறையும் சொல்லச் சுலபம், செய்யக் கஷ்டம். தண்ணியை நிமிஷக் கணக்கில் வடிகட்டி, வடிகட்டியை உடனே திரவ நைட்ரஜனில் போட்டுவிட வேண்டும். அதிலிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தால் பெரும்பகுதி ரைபோசோமின் ஆர்.என்.ஏ., அதாவது மாஸ்டரின் அடுப்பு, கரண்டி எல்லாம். சீட்டு சில சதவீதம்தான். அடுப்பையும் கரண்டியையும் ஒதுக்கிவிட்டுச் சீட்டை மட்டும் படிக்க வேண்டும். அன்றைக்கு அவர்கள் படித்தது சில நூறு சீட்டு. மூணே வருஷத்தில், 2008-இல், ஹவாய்க்குப் பக்கத்தில் எட்வர்ட் டிலாங் குழு புது இயந்திரங்களை வைத்து லட்சக்கணக்கில் படித்தது. அதில் ஏராளமான சீட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லாத மரபணுக்களுடையவை.

நண்பன் சொன்ன பாட்டில் பிரச்சினைக்கும் விடை தேடினார்கள். தண்ணியைக் கரைக்குக் கொண்டுவராமல், கடலில் மிதந்தபடியே வடிகட்டி, அங்கேயே மருந்து போட்டு நிறுத்திவைக்கிற கருவியைக் கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடா ஆய்வு நிறுவனம் செய்தது. அதை வைத்து 2013, 2014-இல் எலிஸபெத் ஆட்டெஸன் முதலானோர் வெளியிட்டதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளிச்சத்தை நேராகப் பயன்படுத்தி உணவு தயாரிக்காத பாக்டீரியாக்கள்கூட, பகல் ராத்திரிக்கு ஏற்ப ஒரே ஒழுங்கில் சீட்டு அனுப்புகின்றன. ஒரு சாதி காலையில், இன்னொன்று கொஞ்சம் தள்ளி. பாசி எப்போது கசிகிறதோ அதற்குத் தகுந்த மாதிரி பந்தி.

இப்போது மெதுவடைக்கு வருகிறேன். இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டம் இதுதான்.

மோரன் குழுவிடம் ஜார்ஜியா கரையில் பிடித்த ஒரு பாக்டீரியா இருந்தது. நுண்ணுயிர்களை மறந்துவிட்டோம் என்று 1974-இல் எழுதினாரே பாமராய், அவர் பேரையே அதற்கு வைத்தார்கள்: ரூஜீரியா பாமராயி. 2004-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்தாயிற்று. பத்து வருஷம் கழித்து பிரிண்டன் டர்ஹம் அதை ஒரு டயாட்டத்தோடு ஒரே கண்ணாடிக் குடுவையில் குடிவைத்தார். டயாட்டம் தலாசியோசிரா. நம்ம சென்னைக் கடலிலும் இருக்கிற பேரினம்தான், இனம் வேற. அந்த டயாட்டத்துக்கு பி12 வைட்டமின் வேண்டும், தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. பாக்டீரியாவுக்குத் தெரியும். பதிலுக்கு டயாட்டம் சாப்பாடு போட வேண்டும். என்ன சாப்பாடு?

தண்ணியைச் சோதித்தால் காலி அலமாரிதான். அதனால் பாக்டீரியாவின் சீட்டைப் படித்தார்கள். டயாட்டத்தோடு இருக்கும்போது எந்தச் சீட்டு திடீரென்று குவிகிறது? கந்தகம் சேர்ந்த, மூணு கார்பன் கொண்ட ஒரு மூலக்கூறைத் தின்பதற்கான சீட்டு. சுருக்கமாக டி.ஹெச்.பி.எஸ். என்பார்கள். கடல் உணவுச் சங்கிலியில் அப்படி ஒரு பண்டம் இருப்பதாக அதுவரைக்கும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு டயாட்டத்துக்குள் தேடினார்கள், ஏராளமாக இருந்தது. வடபசிபிக் கடலில் தேடினார்கள், அங்கேயும் அந்த மூலக்கூறு இருந்தது, அதைத் தின்னும் சீட்டும் இருந்தது. 2015-இல் கட்டுரை வந்தது. மாஸ்டருக்குப் போகிற சீட்டை வைத்து, காலியான தட்டில் என்ன இருந்தது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எந்த வேதியியல் கருவியும் பிடிக்காததை ஒரு பாக்டீரியாவின் நாக்கு பிடித்துக் கொடுத்தது.

ஒரு எச்சரிக்கை. சீட்டு வேற, தோசை வேற. சீட்டு போனதாலேயே தோசை வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது, எத்தனை தோசை என்றும் சொல்ல முடியாது. ஆர்.என்.ஏ. குவிந்ததைப் பார்த்ததுமே "இவ்வளவு கார்பன் எரிந்தது" என்று தாவுகிற கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்குச் சந்தேகம் வரும். நல்ல குழுக்கள் எண்ணிக்கை தெரிந்த செயற்கை ஆர்.என்.ஏ.வை முதலிலேயே கலந்து, லிட்டருக்கு எத்தனை சீட்டு என்று அளக்கின்றன, கூடவே வேலையின் வேகத்தைத் தனியாகவும் அளக்கின்றன. போர்டு, சீட்டு, தோசை மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்க வேண்டிய கடல்களில் ஒன்று நம்ம வாசலில் இருக்கிறது.

வங்கக் கடல் ஒரு விசித்திரம். கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி எல்லாம் நல்ல தண்ணியைக் கொண்டுவந்து மேலே ஊற்றுகின்றன. இலேசான நல்ல தண்ணி, கனமான உப்புத் தண்ணிமேல் மூடி மாதிரி உட்கார்ந்துகொள்கிறது. கீழிருந்து சத்து மேலே வராது, அதனால் அரபிக் கடல் அளவுக்கு இங்கே பாசி விளைச்சல் இல்லை. ஆனால் 1991-இல் வேணுகோபாலன் இட்டெக்கோட், கோவா தேசியக் கடலியல் நிறுவனத்து ஆர்.ஆர். நாயர் முதலானோர், ஆழக்கடலில் தொங்கவிட்ட பொறிகளில் விழுந்ததை வைத்து எழுதியதைப் பாருங்கள். ஆற்றுத் தண்ணி வரத்து சேரும்போது இங்கே ஆழத்துக்கு இறங்கும் சரக்கு அதிகமாகிறது. ஆற்று வண்டல் ஒட்டிக்கொண்டு, செத்த பாசியைக் கல்லைக் கட்டினாற்போல் இழுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறது.

மேல்மூடி இருப்பதால் கீழே ஆக்சிஜன் போவதும் கஷ்டம். இறங்குகிற சரக்கைத் தின்னும் பாக்டீரியா இருக்கிற ஆக்சிஜனையும் செலவழிக்கிறது. சுமார் 100 மீட்டருக்குக் கீழே, சில நூறு மீட்டர் கனத்துக்கு, ஆக்சிஜன் அநேகமாக இல்லாத ஒரு அடுக்கு. அரபிக் கடலில் இதே அடுக்கில் ஆக்சிஜன் முழுசாகத் தீர்ந்துபோய், பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வைத்து மூச்சு விடுகின்றன. நைட்ரஜன் வாயுவாகத் தப்பிப்போகிறது. உரமாக இருந்தது காற்றாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கக் கடலில் அது ஏன் நடக்கவில்லை என்பது ரொம்ப நாள் புதிர்.

2014-இல் சாகர் கன்யா கப்பலில் போன குழு, வாஜிஹ் நக்வி உட்பட இந்திய ஆய்வாளர்களும் டென்மார்க், ஜெர்மனி ஆய்வாளர்களும், மிக நுண்ணிய ஆக்சிஜன் உணரிகளை இறக்கியது. லாரா பிரிஸ்டோ முதல் ஆசிரியராக 2017-இல் வந்த கட்டுரைப்படி, வங்கக் கடலின் அந்த அடுக்கில் ஆக்சிஜன் பூஜ்யம் இல்லை. லிட்டருக்கு 10 முதல் 200 நானோமோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேல்தண்ணியில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில இடத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. நைட்ரஜனை வெளியேற்றும் நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன, அதற்கான மரபணுக்களும் இருக்கின்றன. ஆனால் வேலை நடக்கிற வேகம் ரொம்பக் கம்மி. அந்தத் துளி ஆக்சிஜனை வைத்து வேறு நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன, இவர்களுக்கு மூலப்பொருள் சேருவதில்லை. போர்டில் பேர் இருக்கு, மாஸ்டர் இருக்கார், அடுப்பு சிம்மில் எரியுது.

அந்தத் துளி ஆக்சிஜனும் போனால்? நைட்ரைட் சேரும், நைட்ரஜன் இழப்பு கூடும் என்று அவர்கள் கணக்கு சொல்கிறது. அது போவதற்கு இறங்கும் கார்பன் கொஞ்சம் கூடினாலோ, மேல்மூடி கொஞ்சம் இறுகினாலோ போதும். தண்ணி சூடானால் மூடி இறுகும். ஆற்றில் உரம் கூடினால் பாசி கூடும், இறங்கும் சரக்கும் கூடும். மரபணுப் பட்டியலை மட்டும் வைத்திருந்தால் இந்த மாற்றம் தொடங்குவது தெரியாது, பட்டியல் முன்னும் பின்னும் ஒரே மாதிரிதான் இருக்கும். தண்ணியின் வேதியியலில் தெரிவதற்கும் நாளாகும். முதலில் மாறுவது சீட்டுதான்.

போன ஐப்பசியில் மறுபடி சதுரங்கப்பட்டினம் போனேன். பெரியவர் அதே இடத்தில், கண்ணாடி மட்டும் புதுசு. வடக்கேயிருந்து வன்னி வெள்ளம் இறங்க ஆரம்பித்திருந்தது. தை மாசிக்கு மேல்தான் தெண்டி, அதாவது தெற்கிலிருந்து வடக்கே. வடக்கே ஆறுகள் கொட்டின நல்ல தண்ணி இந்த வெள்ளத்தோடு கரையோரமாகத் தமிழ்நாடு வரைக்கும் வருகிறது என்று கடலியல்காரர்கள் எழுதியிருப்பதை அவரிடம் சொன்னேன்.

"அதான் இப்ப தண்ணி வாயில பட்டா உப்பு கம்மியா கீது" என்றார்.

பிறகு சீட்டு, மாஸ்டர், மெதுவடை எல்லாம் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சி என்ன தின்னுது என்று அதனிடமே கேட்கிற வழி வந்துவிட்டது என்றேன். ரொம்ப நேரம் கேட்டார். எங்கே பண்ணாங்க என்றார். அமெரிக்கா, ஹவாய் என்றேன்.

"இங்க எப்ப கேப்பாங்க?"

பாலாற்று முகத்துவாரம் மழைக்கு உடைந்ததும் தண்ணி நிறம் மாறும், வந்து பாரு என்றார். கார்த்திகையில் வயலூர்ப் பக்கம் போகப்போகிறேன். இந்த முறை பாட்டில் எடுத்துப்போகவில்லை.